மூன்றாம் வல்லாளன் முடிவும் திருவண்ணாமலையின் நினைவும்

பெருங்கொடுமை ஒன்று நிகழ்ந்து ஆண்டுகள் பல கழிந்தபின், அதற்கு ஆளான மக்கள் அதனை எவ்வாறு நினைவிற் கொள்கின்றனர் என்பது வரலாற்று மாணவர் ஆராயத்தக்க பொருளாகும். 2001 செப்டம்பர் 11-இல் அல்காயிதா இயக்கத்தார் அமெரிக்காவில் விளைத்த அழிவில் ஏறக்குறைய மூவாயிரவர் மாண்டனர். பின்னர் மேலைநாட்டார் மேற்கொண்டவை யாவரும் அறிந்தனவே. அவ்வாண்டு அக்டோபரில் ஆப்கானித்தானத்தில் போர் மூண்டது. 2003 மார்ச்சில் ஈராக்கின்மீது படை சென்றது. ஈராக்கு அரசு அவ்வியக்கத்தோடு கூடிச் செயற்பட்டமைக்குச் சான்றில்லை என்று 2004-இல் அமெரிக்க விசாரணைக் குழுவே கூறிற்று. குவாண்டனாமோவில் அடைக்கப்பட்ட ஏறத்தாழ 780 பேருள் மிகப் பெரும்பாலோர் குற்றச்சாட்டு எதுவுமின்றியே விடுவிக்கப்பட்டனர். இருபதாண்டுப் போருக்குப் பின், 2021 ஆகஸ்டில், தாலிபான்கள் மீண்டும் காபூலைக் கைக்கொண்டனர்.

இப்போர்களோடு ஒரு வரலாற்றுக் கொள்கையும் உடன் சென்றது. ஹண்டிங்டன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1993-இல் கட்டுரையாக எழுதி 1996-இல் நூலாக விரித்த ‘நாகரிகங்களின் மோதல்’ என்னும் கருத்து, 2001-க்குப் பின் பெருவழக்குப் பெற்றது. நேற்று நிகழ்ந்த கொலைக்கு ஆயிரம் ஆண்டுப் பகையே வேர் என்று அதனைக் கையாண்டோர் பலர் முடிபு கட்டினர். இம்முடிபின் நிழல் நம் நாட்டு வரலாற்றின்மீதும் விழுந்தது. பதினான்காம் நூற்றாண்டில் மாலிக் காபூர் நடத்திய படையெடுப்பையும் மதுரைச் சுல்தான்களின் ஆட்சியையும் இன்றைய பயங்கரவாதத்தின் முன்வரலாறாகக் காட்டுவோர் உளர். இது பொருந்துமா என்று சோதித்தற்குத் திருவண்ணாமலை ஏற்ற இடமாகும். அக்காலக் கொடுமைகளுள் மிகக் கொடிய ஒன்றுக்கு இரையான அரசன் அந்நகரில் வீற்றிருந்தவன். அவன் நினைவு அங்கு இன்றும் ஆண்டுதோறும் போற்றப்படுகின்றது.

ஒய்சள மன்னன் மூன்றாம் வீர வல்லாளனே அவ்வரசன். 1311-இல் மாலிக் காபூர் துவாரசமுத்திரத்தை அடைந்தபோது வல்லாளன் பணிந்து திறை கொடுத்தான். அம்மட்டோ? தில்லிப் படை பாண்டிநாடு செல்லுதற்கு வழியும் காட்டினான். பாண்டிநாட்டிலோ சுந்தரபாண்டியனும் வீரபாண்டியனும் உடன்பிறந்தார் போரில் முனைந்திருந்தனர். தில்லி சென்ற வல்லாளன் மகன் 1313-இல் மீண்டான். சமயப் பகை ஒன்றையே அளவுகோலாகக் கொள்வோர்க்கு இந்நிகழ்ச்சிகள் விளங்கா. பின்னர் முகம்மது பின் துக்ளக்கின் படையால் துவாரசமுத்திரம் மீண்டும் அழிவுற்றது. 1328-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வல்லாளன் திருவண்ணாமலையைத் தன் இருக்கையாகக் கொண்டான். கன்னடக் கல்வெட்டுக்கள் இதனை உண்ணாமலைப் பட்டணம் எனக் குறிக்கும். மதுரையில் தில்லியின் ஆளுநனாயிருந்த சலாலுத்தீன் அசன்கான் 1335-ஐ ஒட்டித் தன் தலைவனையே எதிர்த்துத் தனியரசு நிறுவினான். வல்லாளனுக்கு அவ்வரசே நெருங்கிய பகையாயிற்று.

வல்லாளனது முடிவை விரித்துரைப்பவர் மொராக்கோ நாட்டு இபன் பதூதா. இவர் மதுரைச் சுல்தானுக்கு அயலாரல்லர். கியாசுத்தீன் தாமகானியின் மனைவியும் இவர் மனைவியரில் ஒருத்தியும் உடன்பிறந்தோர். இருவரும் அசன்கானின் மகளிர். ஆகவே பகைவர் கட்டிய கதை என இவர் கூற்றைத் தள்ளுதற்கில்லை. வல்லாளன் கொப்பத்தைப் பத்துத் திங்கள் முற்றுகையிட்டான் என்பர் இவர். சமயபுரத்தை அடுத்த கண்ணனூர்க் கொப்பமே அது என்பது அறிஞர் கருத்து. கோட்டையுள்ளார்க்குப் பதினான்கு நாள் உணவே எஞ்சியிருந்தபோது, அவர் சுல்தானுக்கு விடுத்த ஓலை மதுரைப் பள்ளிவாசலில் படிக்கப்பட்டது. சுல்தான் ஆறாயிரவரோடு விரைந்து, நண்பகலில் ஒய்சளர் இளைப்பாறியிருந்த பொழுதில், குதிரைகள் மேய்ச்சலுக்குச் சென்றிருக்கத் தாக்கினான். எண்பது வயது முதியோனாகிய வல்லாளன் குதிரை ஏற முயன்று பிடிபட்டான். விடுதலை தருவதாகக் கூறி அவன் செல்வமும் யானைகளும் குதிரைகளும் பெற்றபின், சுல்தான் அவனைக் கொன்று தோலுரித்து, வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டான். அதனைத் தம் கண்ணாற் கண்டதாக இபன் பதூதா எழுதியுள்ளார். இது 1342-இல் நிகழ்ந்தது.

இச்செய்தியோடு சேர்த்து நோக்கற்பாலன இரண்டு அவர் நூலில் உள. வல்லாளன் படையில் இருபதினாயிரம் முசுலீம்கள் இருந்தனர் என்பது ஒன்று. அவர்களைக் கயவர் என்றும் ஓடிவந்த அடிமைகள் என்றும் அவர் இழித்துரைப்பினும் எண்ணை மறைத்தாரல்லர். மற்றொன்று, சிறைபிடித்த பெண்டிரையும் சிறுவரையும் கியாசுத்தீன் கொல்வித்ததை அவர் கடிந்தமை. வேறெந்த அரசனிடத்தும் இதனைத் தாம் கண்டதில்லை என்றும், இதுபற்றியே இறைவன் அவன் முடிவை விரைவித்தான் என்றும் அவர் எழுதினார். தம் சமயத்தவனும் தம் உறவினனுமாகிய ஒருவனைப்பற்றி எழுதிய சொற்கள் இவை. இவ்விரண்டையும் விடுத்து வைக்கோல் திணித்த உடலை மட்டும் எடுத்துக் காட்டுவது வரலாறு ஆகாது. அவ்வுடலை மறைத்து இவ்விரண்டை மட்டும் பேசுவதும் அத்தகையதே. மேலும், அரசர் இருவர் நாடு பற்றி நடத்திய போரையும், அரசல்லாத மறைவான இயக்கம் குடிமக்களை அஞ்சுவித்தற்குச் செய்யும் கொலையையும் ஒரு சொல்லால் குறித்தல் முறையன்று. உடலை மதிலிலிட்டு அச்சம் பரப்பிய செயல் மட்டும் இரண்டற்கும் இடையே ஓர் ஒப்புமை காட்டும்.

இனி, அக்கொலைக்குப் பின்வந்தோர் அதனை எவ்வாறு நினைந்தனர்? இருவகை நினைவுகளைக் காண்கிறோம். முதலாவது, விசயநகரத்துப் புக்கனின் மகன் குமார கம்பணனின் மதுரை வெற்றியைப் பாடும் வடமொழிக் காவியமாகிய மதுராவிசயம். பாடியவள் அவன் மனைவி கங்காதேவி. கோயில்களின் அழிவும் சுல்தானைக் கொல்லுதலும் அதன் பொருள். அது பகைவனை நடுவில் வைத்த நினைவு. வென்றவர் அவையில் அது தோன்றியது இயல்பே. அதன் சுவடி 1916-இல்தான் திருவனந்தபுரத்தில் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் அதனைப் பெரும்பாலோர் அறியார்.

இரண்டாவது, திருவண்ணாமலைக் கோயிலின் நினைவு. சைவ எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்தில் வல்லாளன் மகப்பேறு இல்லாதவன். இறைவன் அடியவர் வேடத்தில் வந்து அவனையும் அவன் தேவி சல்லமாவையும் சோதித்துக் குழந்தையாக அவள் கையில் தவழ்ந்தான் என்பது கதை. ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று ஈசானிய தீர்த்தத்தில் வல்லாளன் போரில் மாண்ட செய்தி அண்ணாமலையார்க்கு அறிவிக்கப்படும்; அவர் மேளதாளமின்றிக் கோயில் திரும்புவார். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, மகனாக நின்று அவனுக்குத் திதி கொடுப்பார்.

வல்லாளனுக்கு மகன் இருந்தான் என்பது வரலாறு. தந்தைக்குப்பின் முடிசூடியவன் அவனே. பின் புராணம் அவனை மகவற்றவன் என்பது ஏன்? புலவர் அறியாமையென இதனைத் தள்ளுவோர் உளர். அது எளிய விடை. 1346-ஐ ஒட்டி ஒய்சள மரபே மறைந்தது. திதி கொடுக்க வழித்தோன்றல் இல்லாதான் ஆயினன் அவன். அக்குறையை நிரப்பும் பொறுப்பை ஊர் தன் இறைவன்மேல் ஏற்றியது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. இறந்தோனைச் சுற்றத்தானாக ஏற்ற இந்நினைவு, பகைவன் பெயரைச் சொல்வதில்லை. கொலையை மறந்ததும் இல்லை. ஊமையாகத் திரும்பும் அவ்வூர்வலமே அதற்குச் சான்று.

மேலைநாட்டு நினைவிலும் இத்தகைய ஒரு கூறு உண்டு. நியூயார்க்கில் 2011-இல் திறந்த நினைவிடத்தில் இறந்தோர் பெயர்கள் வெண்கலத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. ஆண்டுதோறும் அவை படிக்கப்படுகின்றன. அவற்றுள் முசுலீம்களின் பெயர்களும் உள. நம் நாட்டில் 1998 பிப்ரவரி 14-இல் கோயம்புத்தூரில் வெடித்த குண்டுகளால் 58 பேர் மாண்டனர். அதற்கு இரண்டரைத் திங்கள் முன், காவலர் ஒருவர் கொலையுண்டதை அடுத்து எழுந்த கலவரத்தில் முசுலீம்கள் பதினெண்மர் கொல்லப்பட்டனர். குண்டு வழக்கில் 2007-இல் தீர்ப்பு வந்தது. பலர் தண்டனை பெற்றனர். ஒன்பதாண்டுக்கு மேல் விசாரணைச் சிறையில் கிடந்த ஒருவர் குற்றமற்றவராக விடுவிக்கப்பட்டார். இந்நிகழ்ச்சியின் வரலாற்றை எழுதப் புகுவோர், 58 பெயர்களையும் பதினெட்டுப் பெயர்களையும் ஒரே ஏட்டில் பதிதல் வேண்டும். செய்தவர் இன்னாரெனத் தீர்ப்பு வரையறுத்த எல்லையைக் கடத்தலும் கூடாது. பதினான்காம் நூற்றாண்டு மதுரையில் இருந்துகொண்டு இபன் பதூதா செய்தது ஏறத்தாழ இதுவே.