பள்ளிக்கூடத்துச் சாவி யாரிடம் இருந்தது?

1947 ஜூன் 19. இந்தியா சுதந்திரம் அடைய இரண்டு மாதம்கூட இல்லை. இன்றைய ராஜஸ்தானின் தெற்கு மூலையில், குஜராத்தை ஒட்டி இருக்கும் டூங்கர்பூர் அப்போது ஒரு மகாராவல் ஆண்ட சமஸ்தானம். அந்த சமஸ்தானத்தில் ராஸ்தாபால் என்று ஒரு கிராமம். பீல் பழங்குடி மக்கள் வாழும் ஊர். அங்கே ஒரு பள்ளிக்கூடம் நடந்து வந்தது. அரசர் வைத்த பள்ளி அல்ல, சேவா சங்கத்தைச் சேர்ந்த காந்தியவாதிகள் வைத்த பள்ளி. படித்தவன் கேள்வி கேட்பான் என்று சமஸ்தானத்துக்குப் பயம், அதனால் இந்தப் பள்ளிகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டார்கள்.

உத்தரவோடு சிப்பாய்களும் வந்தார்கள். பள்ளியைப் பாதுகாத்து வந்த நானாபாய் காண்ட் என்பவர் மூட முடியாது என்று சொல்லிவிட்டார். அவரை அடித்தே கொன்றார்கள். ஆசிரியர் செங்காபாயைப் பிடித்து வண்டியில் கயிற்றால் கட்டி இழுத்துப் போனார்கள். வயலில் அறுத்துக்கொண்டிருந்த காளிபாய் என்ற 12, 13 வயதுச் சிறுமி, அந்தப் பள்ளியில் படித்தவள், இதைப் பார்த்து ஓடி வந்தாள். கையிலிருந்த அரிவாளால் கயிற்றை வெட்டினாள். வாத்தியார் பிழைத்தார். அவளைச் சுட்டார்கள், உயிர் தப்பவில்லை.

ஒரு வாத்தியாருக்காகவும் பள்ளிக்கூடக் கதவு திறந்திருப்பதற்காகவும் ஒரு ஊர் இரண்டு உயிரைக் கொடுத்தது. இதைப் படித்துவிட்டு, இதே பகுதியில் சுமார் ஐம்பது வருஷம் கழித்து என்ன நடந்தது என்று பார்த்தால் நம்பவே முடியாது. இப்போது பள்ளியைப் பூட்ட எந்த அரசரும் தேவைப்படவில்லை. வாத்தியார் வரவில்லை, அதனால் கதவு பூட்டிக் கிடந்தது, அவ்வளவுதான்!

எப்படி இந்த நிலைமை வந்தது?

1948இல் டூங்கர்பூரும் பக்கத்து சமஸ்தானங்களும் இந்தியாவோடு சேர்ந்து ராஜஸ்தானில் கலந்தன. கிராமத்துக்குப் பள்ளி கொடுப்பது அரசாங்கத்தின் கடமை ஆயிற்று. அது நல்ல விஷயம்தான், சந்தேகமில்லை. 1959 அக்டோபர் 2 அன்று நாகௌரில் நேரு பஞ்சாயத்து ராஜ் அமைப்பைத் தொடங்கி வைத்தார். நாட்டிலேயே முதலில் அதைக் கொண்டுவந்த மாநிலம் ராஜஸ்தான். கிராமத்துத் தொடக்கப் பள்ளிகள் பஞ்சாயத்து சமிதிகளின் பொறுப்பில் வந்தன. காகிதத்தில் பார்த்தால் பள்ளி மக்கள் கைக்கு வந்துவிட்டது. உண்மையில் சமிதி என்பது பல கிராமங்களுக்குச் சேர்த்து ஒன்று. அங்கே உட்கார்ந்திருப்பவர் உள்ளூர் அரசியல்வாதி. அவர் கையில் இருந்த பெரிய ஆயுதம் டிரான்ஸ்பர். வேண்டிய வாத்தியாருக்கு ரோட்டோரப் பள்ளி, வேண்டாதவருக்கு மலைக்கு அந்தப் பக்கம்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எட்டாத ஊர்ப் பள்ளிக்குப் போடப்படுவது என்பது ஒரு தண்டனை என்று ஆனது. அப்படி வந்து சேர்கிறவருக்கு அந்த ஊரில் தங்க வீடு இல்லை. பஸ் இல்லை. பிள்ளைகள் பேசும் வாக்டி மொழி பல சமயம் அவருக்குத் தெரியாது. அஞ்சு வகுப்புக்கும் அவர் ஒருவரே. நடுவில் தேர்தல் வேலை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கூட்டம் என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர் டவுனில் வீடு எடுத்துத் தங்கி, வாரத்தில் சில நாள் மட்டும் வருவார். கேட்பதற்கு ஆள் கிடையாது. சம்பளம் எங்கேயோ இருக்கும் அலுவலகத்திலிருந்து வருகிறது, பதிவேட்டில் கையெழுத்தை ஒரே நாளில் மொத்தமாகப் போட்டுக்கொள்ளலாம். ஆய்வாளர் வருஷத்தில் ஒரு தடவை வந்தால் பெரிய விஷயம், அதுவும் முன்னாடியே தகவல் தெரிந்துவிடும்.

ஊர்க்காரர்கள் ஏன் சண்டை போடவில்லை என்று கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர் யாருக்கு மனு எழுதுவார்? எழுதினாலும் அந்த வாத்தியாரை மாற்றிவிட்டு வேறு யாரையும் போடாமல் விட்டால்? வராத வாத்தியாராவது பெயருக்கு இருக்கிறாரே என்று பேசாமல் இருந்துவிட்டார்கள். வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை வேறு ஊருக்கு அனுப்பினார்கள். குரல் கொடுக்கக் கூடியவர்களின் பிள்ளைகள் போன பிறகு அந்தப் பள்ளியில் மிஞ்சியது யார் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த நோயை முதலில் வெளிப்படையாகப் பேசி மருந்து தேடியவர்கள் அஜ்மீர் மாவட்டத்தில் திலோனியா கிராமத்தில் இருந்த தொண்டு நிறுவனத்தார். பங்கர் ராய் 1972இல் தொடங்கிய, பின்னாளில் வெறுங்கால் கல்லூரி என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய அதே நிறுவனம்தான். 1975இல் சிலோரா வட்டாரத்தில் சில கிராமங்களில் ஒரு சோதனை செய்தார்கள். வெளியூர் ஆசிரியருக்குப் பதிலாக அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த, ஓரளவு படித்த இளைஞர்களைப் பள்ளியில் உட்கார வைத்தார்கள். ஆடு மேய்க்கப் போகும் பிள்ளைகளுக்காக ராத்திரியிலும் பள்ளி நடந்தது. அவர் எங்கேயும் ஓட முடியாது. மறுநாள் காலையில் கிணற்றடியில் பிள்ளையின் அம்மா கேட்பாளே, நேற்று ஏன் திறக்கவில்லை என்று!

1987இல் ராஜஸ்தான் அரசு இதையே எடுத்து, சுவீடன் அரசின் நிதியுதவியோடு ‘சிக்ஷா கர்மி’ திட்டம் என்று மாநில அளவில் கொண்டுவந்தது. ஆசிரியர் வராமல் செயலிழந்து போன ஓராசிரியர் பள்ளிகள்தான் குறி. ஊருக்கு இரண்டு பேர். ஆணாக இருந்தால் எட்டாவது, பெண்ணாக இருந்தால் ஐந்தாவது படித்திருந்தால் போதும், தங்கிப் படிக்கும் பயிற்சி கொடுத்து வகுப்புக்கு அனுப்பினார்கள். ஐந்தாவது படித்தவர் பாடம் நடத்துவதா என்று அப்போதே கேலி செய்தவர்கள் உண்டு. கேலியில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனால் பட்டம் பெற்றவர் வரவில்லை, இவர் வந்தார். அதற்கு என்ன பதில்?

அதுவரை அந்தப் பள்ளியின் பெயரில் சம்பளம் வாங்கிவந்த ஆசிரியர் என்ன ஆனார்? வேறு பள்ளிக்கு மாற்றப்பட்டார். வேலை போகவில்லை. ஒரு அரசாங்கமே முன்வந்து ‘இந்தப் பள்ளியில் ஆசிரியர் வருவதில்லை’ என்று ஒப்புக்கொண்டு ஒரு திட்டம் போட்டது, ஆனால் வராதவரைத் தொடவில்லை. ராஜஸ்தானில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2003இல் உலக வங்கியோடு சேர்ந்து ஆய்வாளர்கள் 20 மாநிலங்களில் சுமார் 3,700 பள்ளிகளுக்கு முன்னறிவிப்பு இல்லாமல் போய்ப் பார்த்தார்கள். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நான்கில் ஒரு ஆசிரியர் பள்ளியில் இல்லை. பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் பாதிப் பேர்தான். திரும்பத் திரும்ப வராமல் இருந்ததற்காக எந்த ஆசிரியரையாவது வேலையை விட்டு நீக்கியதுண்டா என்று தலைமையாசிரியர்களைக் கேட்டார்கள். சுமார் 3,000 அரசுப் பள்ளிகளில் ‘ஆம்’ என்று சொன்னவர் ஒரே ஒருவர்!

அதற்கு முன்பே, 1996இல், ஜான் திரேஸ், அனுராதா தே முதலியோர் ராஜஸ்தான், பீகார், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், இமாச்சலப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் கிராமங்களில் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தினார்கள். 1999இல் ‘ப்ரோப்’ அறிக்கை என்ற பெயரில் அது புத்தகமாக வந்தது. அவர்கள் போன நேரத்தில் ஏறக்குறைய பாதிப் பள்ளிகளில் பாடமே நடக்கவில்லை. மாதக்கணக்கில் பூட்டிய பள்ளி, குடித்துவிட்டு வரும் ஆசிரியர், தன் வீட்டு வேலையையும் குழந்தையையும் மாணவர்கள் தலையில் கட்டிய தலைமையாசிரியர், ஒரு மாணவனின் பெயர்கூடத் தெரியாத தலைமையாசிரியர் எல்லாம் அந்த அறிக்கையில் வருகிறார்கள். ஆனால் அறிக்கை எழுதியவர்கள் அதிகம் கவலைப்பட்டது இந்த மாதிரி மோசமான ஆட்களைப் பற்றி அல்ல. வந்து உட்கார்ந்து, நாற்காலியிலேயே பொழுதைப் போக்கிவிட்டுப் போகும் சாதாரண ஆசிரியர்களைப் பற்றித்தான். குடிகாரனை ஊர் பேசும். சும்மா இருப்பவரை யார் பேசுவார்கள்? அதே கணக்கெடுப்பில் இமாச்சலப் பிரதேசம் மட்டும் தனியாக நின்றது. அங்கேயும் மலைதான், அங்கேயும் எட்டாத ஊர்தான். ஆக மலையைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

2003இல் கதை மறுபடி தெற்கு ராஜஸ்தானுக்கே வந்தது. டூங்கர்பூருக்குப் பக்கத்து மாவட்டமான உதய்பூரில் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் பழங்குடி கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகள் நடத்தி வந்தது. தொண்டு நிறுவனப் பள்ளி, உள்ளூர் ஆசிரியர்... அப்படியும் ஆசிரியர் வராத நாட்கள் ஏராளம். சிக்ஷா கர்மி பாணியை நம்பியவர்களுக்கு இது ஒரு அடி. ஊர்க்காரராக இருந்தால் மட்டும் போதாது என்று தெரிந்தது.

எஸ்தர் டஃப்லோ, ரேமா ஹன்னா, ஸ்டீபன் ரையான் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் சேவா மந்திரோடு சேர்ந்து ஒரு எளிய யோசனை செய்தார்கள். 57 பள்ளிகளுக்கு ஒரு கேமரா கொடுத்தார்கள். தேதியையும் நேரத்தையும் மாற்ற முடியாத கேமரா. காலையில் ஒரு முறை, பள்ளி முடியும்போது ஒரு முறை, ஆசிரியரையும் பிள்ளைகளையும் சேர்த்து ஒரு மாணவன் படம் எடுக்க வேண்டும். இரண்டு படத்துக்கும் நடுவில் ஐந்து மணி நேரமாவது இருக்க வேண்டும். படத்தில் எட்டுப் பிள்ளைகளாவது இருக்க வேண்டும். அப்போதுதான் அந்த நாள் கணக்கில் வரும். வந்த நாளைப் பொறுத்து மாதச் சம்பளம் 500 ரூபாயிலிருந்து 1,300 ரூபாய் வரை. கேமரா இல்லாத பள்ளிகளில் ஆசிரியர் வராத நாள் நூற்றுக்கு 42. கேமரா இருந்த பள்ளிகளில் 21. பாதியாகக் குறைந்துவிட்டது! பிள்ளைகளின் மதிப்பெண்ணும் ஏறியது. ஆசிரியர் மேல் கூடுதலாக எந்த அதிகாரியும் கண் வைக்கவில்லை. தன் வாத்தியார் வந்தாரா இல்லையா என்பதற்கு ஒரு சின்னப் பையன் சாட்சி ஆனான், அவன் சாட்சிக்கும் சம்பளத்துக்கும் நேரடி முடிச்சு போடப்பட்டது.

இதை அரசாங்கத்துக்குள் கொண்டு போனால் என்ன ஆகும்? பள்ளியில் அல்ல, அதே உதய்பூர் மாவட்டத்தின் அரசுத் துணை சுகாதார நிலையங்களில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். அங்கே நர்ஸ்கள் வராமல் இருப்பது வாத்தியார் கதையைப் போலவே பழைய கதை. நேரம் பதிக்கும் கருவி வைத்து, வராத நாளுக்குச் சம்பளம் பிடிப்பதாக அறிவித்தார்கள். முதல் சில மாதம் வருகை நன்றாக உயர்ந்தது. பிறகு மாவட்ட சுகாதார நிர்வாகமே ‘விலக்கு அளிக்கப்பட்ட நாள்’ என்று அனுமதிகளை அள்ளிக் கொடுக்க ஆரம்பித்தது. ஒன்றரை வருஷம் முடிவதற்குள் கருவி வைத்த இடத்துக்கும் வைக்காத இடத்துக்கும் வித்தியாசமே இல்லாமல் போயிற்று. கருவி கெடவில்லை. கருவி சொன்னதைக் கேட்க வேண்டியவர் காதைப் பொத்திக்கொண்டார்.

சட்டத்தின் பக்கமிருந்தும் முயற்சி நடக்காமல் இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆசிரியர் தவறாமல் நேரத்துக்குப் பள்ளிக்கு வர வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறது. பிள்ளையை அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. பள்ளிக்குப் பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும், அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே போன்ற கிராமக் கல்விக் குழுக்கள் அதற்கு முன்பே உத்தரப் பிரதேசத்தில் இருந்தன. ஜான்பூர் மாவட்டத்தில் அவற்றைப் பற்றி விசாரித்தபோது, அப்படி ஒரு குழு இருப்பதே 92 சதவீதப் பெற்றோருக்குத் தெரியவில்லை. குழு உறுப்பினர்களிலேயே பலருக்குத் தாங்கள் உறுப்பினர் என்று தெரியாது! வீடு வீடாகவும் கூட்டம் போட்டும் தகவல் சொன்ன பிறகும் ஆசிரியர் வருகையில் மாற்றம் வரவில்லை.

ஆசிரியர்கள் தரப்பையும் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. 2017இல் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை ஆறு மாநிலங்களில் 619 பள்ளிகளைப் பார்த்தது. பள்ளியில் இல்லாத ஆசிரியர்கள் நூற்றுக்கு 18 பேருக்கு மேல் இருந்தாலும், அதில் பெரும்பாலானோர் விடுப்பிலோ அரசாங்கம் கொடுத்த வேறு வேலையிலோ பயிற்சியிலோ இருந்தார்கள். காரணமே இல்லாமல் வராதவர்கள் 2.5 சதவீதம்தான். அப்படியானால் வாத்தியாரைத் திட்டுவது தவறா? ஓரளவுக்குத் தவறுதான். ஆனால் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, வாத்தியார் டவுனில் தூங்குகிறாரா அல்லது வாக்காளர் பட்டியல் சரிபார்க்கிறாரா என்பதில் என்ன வித்தியாசம்? இரண்டிலும் கரும்பலகை காலிதான். இரண்டிலும் அந்தப் பிள்ளையின் அப்பாவால் யாரையும் கேட்க முடியாது.

2003இல் பார்த்த கிராமங்களுக்கு ஆய்வாளர்கள் 2010இல் திரும்பப் போனார்கள். ஏழு வருஷத்தில் கட்டடம், கழிப்பறை, மதிய உணவு எல்லாம் நன்றாக முன்னேறியிருந்தன. ஆசிரியர் வராமை மட்டும் 26.3 சதவீதத்திலிருந்து 23.6 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. இப்படி வராத ஆசிரியர்களுக்குக் கொடுத்த சம்பளத்தால் நாட்டுக்கு வருஷத்துக்குச் சுமார் 150 கோடி டாலர் நஷ்டம் என்று கணக்குப் போட்டார்கள்.

2014இல் ராஜஸ்தான் அரசு ஆயிரக்கணக்கான சின்னப் பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளிகளோடு இணைத்தது. பிள்ளைகள் குறைவு, அதனால் தனியே நடத்துவது கட்டாது என்று காரணம் சொல்லப்பட்டது. இணைக்கப்பட்ட பள்ளிகளின் பிள்ளைகள் அடுத்த ஊருக்கு நடக்க வேண்டியதாயிற்று.

காளிபாய்க்கும் நானாபாய்க்கும் டூங்கர்பூரில் கைப் சாகர் ஏரிக்கரைப் பூங்காவில் சிலை இருக்கிறது. நன்றாகப் படிக்கும் பெண்களுக்கு ஸ்கூட்டர் கொடுக்கும் மாநில அரசுத் திட்டத்துக்கு அவள் பெயர்தான். பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பெண்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம்.