இந்தியாவில் அரசியல் கட்சிகள்

அரசியல் கட்சி என்பது பொதுவான கொள்கை அல்லது நலனின் அடிப்படையில் ஒன்றிணைந்து, தேர்தலில் போட்டியிட்டு ஆட்சி அதிகாரத்தைப் பெற முயலும் அமைப்பு ஆகும். தொழிற்சங்கம், வணிகர் சங்கம் போன்ற அழுத்தக் குழுக்கள் அரசின் முடிவுகளில் தாக்கம் செலுத்த முனைகின்றன. கட்சியோ அரசை அமைக்கவே முனைகிறது. இதுவே இவ்விரண்டிற்கும் இடையிலான முதன்மையான வேறுபாடு.

1950 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் மூல வடிவில் அரசியல் கட்சிகள் பற்றிய விதி எதுவும் இல்லை. ஆயினும் மக்களாட்சியின் அன்றாட இயக்கம் கட்சிகளையே சார்ந்திருந்தது. 1985இல் 52ஆவது திருத்தத்தின் மூலமே அரசியல் கட்சிகள் அரசியலமைப்பில் இடம்பெற்றன.

பணிகள்

மக்களாட்சியில் கட்சிகள் ஆற்றும் முக்கிய பணிகள் பின்வருமாறு:

* வேட்பாளர்களைத் தெரிவு செய்து மக்கள் முன் நிறுத்துதல்.
* சிதறிக் கிடக்கும் கோரிக்கைகளைத் தொகுத்துத் தேர்தல் அறிக்கையாக முன்வைத்தல்.
* பெரும்பான்மை பெற்றால் அரசு அமைத்தல். 543 இடங்கள் கொண்ட மக்களவையில் இதற்கு 272 உறுப்பினர்களின் ஆதரவு தேவை.
* பெரும்பான்மை பெறாதபோது எதிர்க்கட்சியாக அரசைக் கண்காணித்தல்.
* பொதுப் பிரச்சினைகளை மக்களிடம் விளக்கிக் கருத்துருவாக்கம் செய்தல்.

எதிர்க்கட்சித் தலைவர் பதவிக்கு 1977ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஏற்பு அளிக்கிறது. எனினும் அவையில் பத்தில் ஒரு பங்கு இடங்கள் வேண்டும் என்ற மரபினால், 2014 முதல் 2024 வரை மக்களவையில் அப்பதவி நிரப்பப்படவில்லை.

வகைகள்

கட்சிகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு கட்சி முறை (சீனா), இரு கட்சி முறை (ஐக்கிய அமெரிக்கா), பல கட்சி முறை (இந்தியா) எனப் பகுப்பது வழக்கம்.

இந்தியாவில் கட்சிகள் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951இன் 29அ பிரிவின் கீழ்த் தேர்தல் ஆணையத்தில் பதிவு பெறுகின்றன. அவற்றின் தகுநிலை 1968ஆம் ஆண்டுத் தேர்தல் சின்னங்கள் ஆணையின்படி முடிவு செய்யப்படுகிறது.

* தேசியக் கட்சி: நான்கு மாநிலங்களில் மாநிலக் கட்சியாக ஏற்கப்பட்டிருத்தல் போன்ற தகுதிகளுள் ஒன்றையேனும் பெற்றது. இதன் சின்னம் நாடு முழுவதும் ஒதுக்கி வைக்கப்படும்.
* மாநிலக் கட்சி: சட்டப்பேரவைத் தேர்தலில் செல்லத்தக்க வாக்குகளில் 6 விழுக்காட்டையும் குறைந்தது 2 இடங்களையும் பெறுதல் போன்ற தகுதிகளுள் ஒன்றையேனும் பெற்றது. இதன் சின்னம் அம்மாநிலத்தில் ஒதுக்கி வைக்கப்படும்.
* பதிவு பெற்ற, அங்கீகரிக்கப்படாத கட்சி: பொதுச் சின்னங்களின் பட்டியலிலிருந்து சின்னம் பெறுவது.

தகுநிலை நிலையானதன்று. 2023 ஏப்ரலில் ஆம் ஆத்மி கட்சி தேசியக் கட்சியானது. இந்தியப் பொதுவுடைமைக் கட்சி உட்பட மூன்று கட்சிகள் அத்தகுநிலையை இழந்தன.

சின்னத்திற்கு இத்துணை முதன்மை கிடைத்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு பெற்றோர் ஏறத்தாழ 18 விழுக்காட்டினரே. பெயரைப் படிக்க இயலாத வாக்காளர் சின்னத்தைக் கொண்டே வேட்பாளரை அடையாளம் கண்டனர்.

வரலாறு

1951–52இல் நடைபெற்ற முதல் பொதுத் தேர்தலில் இந்திய தேசிய காங்கிரசு ஏறத்தாழ 45 விழுக்காடு வாக்குகளுடன் 489 இடங்களில் 364ஐ வென்றது. தொகுதியில் அதிக வாக்கு பெற்றவரே வெற்றி பெறும் முறையில் வாக்கு விகிதமும் இட விகிதமும் ஒத்துப்போவதில்லை என்பதற்கு இது எடுத்துக்காட்டு. 1967இல் சென்னை மாநிலத்தில் திராவிட முன்னேற்றக் கழகம் ஆட்சியைப் பிடித்ததும், 1977இல் சனதா கட்சி மத்தியில் காங்கிரசு அல்லாத முதல் அரசை அமைத்ததும் இம்மேலாதிக்கம் தளர்ந்ததைக் காட்டின.

1989 முதல் 2009 வரை நடைபெற்ற ஏழு மக்களவைத் தேர்தல்களிலும் எக்கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. மாநிலக் கட்சிகளின் செல்வாக்கு உயர்ந்தது. 1999 ஏப்ரலில் அனைத்திந்திய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் ஆதரவை விலக்கிக்கொண்ட பின், வாச்பாய் அரசு ஒரே வாக்கில் கவிழ்ந்தது. பாரதிய சனதா கட்சி 2014இலும் 2019இலும் தனிப் பெரும்பான்மை பெற்றது. 2024இல் 240 இடங்களே பெற்றுக் கூட்டணி அரசை அமைத்தது.

கட்சித் தாவல் தடை

1967இல் அரியானா சட்டப்பேரவை உறுப்பினர் கயா லால் இரு வாரங்களுக்குள் மூன்று முறை கட்சி மாறினார். இத்தகைய தாவல்களால் பல மாநில அரசுகள் கவிழ்ந்தன. இதனைத் தடுக்கவே 1985இல் அரசியலமைப்பில் பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்டது. இதன்படி, தாமாகக் கட்சியை விட்டு விலகும் உறுப்பினரும், கட்சிக் கொறடாவின் கட்டளையை மீறி வாக்களிக்கும் உறுப்பினரும் பதவி இழக்க நேரிடும். மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்து சென்றால் கிடைத்த விலக்கு, 2003ஆம் ஆண்டின் 91ஆவது திருத்தத்தால் நீக்கப்பட்டது. மூன்றில் இரு பங்கினர் உடன்படும் இணைப்புக்கான விலக்கு மட்டும் தொடர்கிறது.

விமர்சனங்கள்

இச்சட்டத்தால் உறுப்பினர் தம் தொகுதி மக்களை விடக் கட்சித் தலைமைக்கே கட்டுப்பட வேண்டியுள்ளது என்பது முதன்மையான விமர்சனம். தாவல் பற்றிய புகாரில் முடிவெடுப்பவர் அவைத் தலைவர். அவர் பெரும்பாலும் ஆளுங்கட்சியைச் சேர்ந்தவராக இருப்பதும் குறையாகச் சுட்டப்படுகிறது. அவரது முடிவு நீதிமன்ற மறுஆய்வுக்கு உட்பட்டது என உச்ச நீதிமன்றம் 1992இல் தீர்ப்பளித்தது.

கட்சி நிதியின் வெளிப்படைத்தன்மை மற்றொரு சிக்கல். 2018இல் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரத் திட்டம் நன்கொடையாளரின் பெயரை மறைத்தது. வாக்காளரின் தகவல் அறியும் உரிமையை மீறுவதாகக் கூறி, உச்ச நீதிமன்றம் 2024 பெப்ரவரி 15இல் அதனைச் செல்லாததாக்கியது.

செருமனியின் அடிப்படைச் சட்டம், கட்சிகளின் உள்ளமைப்பு மக்களாட்சி நெறிகளுக்கு இணங்க இருக்க வேண்டும் என்கிறது. இந்திய அரசியலமைப்பில் அத்தகைய விதி இல்லை. உறுப்பினர் கட்சித் தலைமைக்குக் கட்டுப்பட வேண்டும் என அரசியலமைப்பு கூறுகிறது. அத்தலைமை எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என அது கூறவில்லை.