திருநின்றவூரில் பணமில்லாமல் கட்டிய கோயில்

இந்த எபிசோட் நம்ம ஏரியா கதை. ஆவடி தாண்டி ரயில்ல போறவங்களுக்கு ஸ்டேஷன் பேரெல்லாம் மனப்பாடமா இருக்கும். இந்து காலேஜ், பட்டாபிராம், நெமிலிச்சேரி, அடுத்தது திருநின்றவூர். அந்த ஊர்ல இருதயாலீஸ்வரர் கோயில்னு ஒண்ணு இருக்கு. இதய நோய் இருக்கிறவங்க, ஆபரேஷனுக்கு நாள் குறிச்சவங்க, வேண்டிக்கிட்டு அங்க போவாங்க. ஆனா அந்தப் பேர் நோயால வந்ததில்லை. ஒரு மனுஷன் மனசுக்குள்ள கோயில் கட்டினதால வந்தது.

பூசலார் கதை உங்கள்ல பலருக்குத் தெரிஞ்சிருக்கும். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை, கையில காசில்லை, மனசுலயே கட்டி முடிச்சார். அதே நாள்ல காஞ்சிபுரத்துல பல்லவ ராஜா தன் கல் கோயிலுக்குக் குடமுழுக்கு வச்சிருந்தான். சிவன் ராஜாவோட கனவுல வந்து, "நாளைக்கு நான் பூசலார் கோயிலுக்குப் போறேன், நீ வேற நாள் வச்சுக்கோ" அப்படின்னார். கதை முடியும்போது பாட்டியோ தமிழ் வாத்தியாரோ ஒரு நீதி சொல்வாங்க: மனசு இருந்தா போதும்.

எனக்கு அந்த நீதி மேல ரொம்ப நாளா ஒரு கடுப்பு. ஏன்னு அப்புறம் சொல்றேன். முதல்ல, இந்தக் கதை நம்ம கைக்கு எப்படி வந்ததுன்னு பார்த்துடலாம்.

8ஆம் நூற்றாண்டில் சுந்தரர் திருத்தொண்டத்தொகை பாடினார். அதில் நின்றவூர்ப் பூசலுக்கு ஒரு வரிக்குள்தான் இடம். ஆள் பேர், ஊர் பேர், வேதம் ஓதுகிறவர் என்ற அடையாளம், அவ்வளவுதான். பிறகு நம்பியாண்டார் நம்பி தன் அந்தாதியில் சுருக்கமாகச் சொன்னார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் இதை முழுக் கதையாக எழுதினார். அதுவும் இருபது பாட்டுக்குள்ளேதான்.

சேக்கிழாரும் நம்ம பக்கத்து ஆள்தான். பூந்தமல்லியிலிருந்து தெற்கே குன்றத்தூர், அது அவர் ஊர். வடமேற்கே போனால் பூசலாரோட திருநின்றவூர். இயற்பெயர் அருண்மொழித்தேவர். சோழ அரசில் அமைச்சர். அவருடைய அரசன் அநபாயன் இரண்டாம் குலோத்துங்கன்தான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து. குன்றத்தூர் திருநாகேஸ்வரம் கோயிலைக் கட்டியதும் சேக்கிழார்தான் என்று மரபு சொல்கிறது.

அந்தக் கடைசித் தகவலைக் கொஞ்சம் பிடிச்சு வச்சுக்கோங்க. கல், ஆள்கூலி, கணக்கு, தாமதம்னு எல்லாம் தெரிஞ்ச ஒரு அதிகாரி, பத்து காசு செலவில்லாம கட்டின கோயிலைப் பற்றி எழுத உட்கார்றார். எப்படி எழுதியிருப்பார்?

நான் எதிர்பார்த்தது: கண்ணை மூடினார், கோயில் எழும்பியது, சுபம். பாட்டில் அப்படி இல்லை.

பூசலார் முதலில் நிஜமாகவே பணம் தேடுகிறார். எங்கெங்கோ தேடியும் கிடைக்கவில்லை. வருத்தப்படுகிறார். அப்புறம்தான் மனசுக்குள் போகிறார். அங்கேயும் குறுக்கு வழி கிடையாது. முதல் வேலை நிதி சேர்ப்பது, சிறுகச் சிறுக. பிறகு கட்டுமானப் பொருள்கள், தச்சர்கள். நல்ல நாள் பார்த்துத் தொடக்கம். ராத்திரியில் கண் மூடுவதில்லை. அடித்தளத்திலிருந்து ஒவ்வொரு அடுக்காக வருகிறது. சிகரத்தை முழக் கணக்கில் அளந்து எழுப்புகிறார். உச்சியில் தூபி நடுகிறார், சுதை வேலை நடக்கிறது. கிணறு வெட்டி, மதில் எடுத்து, குளம் தோண்டுகிறார். இதற்கெல்லாம் நெடுநாள் ஆனது என்று சேக்கிழார் எழுதுகிறார்.

கற்பனையில் எதுக்குங்க நெடுநாள்? பட்ஜெட் பிரச்சினை இல்லை, மழை இல்லை, மேஸ்திரி லீவு போடுறதில்லை. ஒரே செகண்டில் முடிச்சிருக்கலாம். யாரும் பார்க்கப் போறதில்லை. யாரும் பார்க்காத இடத்துலயும் அவர் முழம் போட்டு அளக்கிறார். அங்கதான் நான் புத்தகத்தை மூடி வச்சுட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டேன்.

இப்போ என் கடுப்புக்கான காரணம். எங்க அப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல டர்னரா வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு வீடு கட்டணும்னு அவருக்கு ஆசை. நாங்க இன்னிக்கும் வாடகை வீட்லதான் இருக்கோம். நான் ஸ்கூல் படிக்கும்போது, ஷிஃப்ட் முடிச்சு வந்து பழைய காலண்டர் தாளோட பின்பக்கத்துல ஸ்கேல் வச்சு பிளான் போடுவார். கடக்கால் எத்தனை அடி, வாசக்கால் எந்தப் பக்கம், சம்ப் எங்கே, செங்கல் எத்தனை ஆயிரம். அந்த வருஷ விலைப்படி மொத்தக் கணக்கு. விலை ஏறினா மறுபடியும் போடுவார். நான் வேலைக்குப் போன புதுசுல ஒரு நாள், "இன்னும் எத்தனை காலண்டர்ப்பா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டுட்டேன். அவர் ஒண்ணும் சொல்லலை. அதுக்கப்புறம் அவர் பிளான் போட்டு நான் பார்க்கலை. அதனால "மனசு இருந்தா போதும்"னு யார் சொன்னாலும் எனக்குக் குத்தும். போதாதுன்னு தெரிஞ்ச வீடு எங்க வீடு.

சேக்கிழாரைப் படிச்சப்போதான் தெரிஞ்சது, அவரும் அந்த நீதியைச் சொல்லவே இல்லை. இல்லாதவன் மனசால திருப்திப்பட்டுக்கோன்னு அவர் சொன்ன மாதிரி எனக்குப் படலை. அப்படிச் சொல்லணும்னா ராஜாவே கதைக்குள்ள வர வேண்டியதில்லையே.

ராஜா பகுதியைப் பாருங்க. பெரியபுராணம் அவனைக் காடவர் கோமான் என்கிறது, காஞ்சியில் கற்றளி கட்டியவன் என்கிறது. பேர் சொல்வதில்லை. வரலாற்றாசிரியர்கள் அவனை ராஜசிம்மன், அதாவது இரண்டாம் நரசிம்மவர்மன் என்கிறார்கள். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைலாசநாதர் கோயிலைக் கட்டியவன். அந்தக் கோயிலின் சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்று, இந்தக் கலியுகத்திலும் இவன் அசரீரிக் குரல் கேட்டான் என்று அவனைப் புகழ்கிறது. அதைப் பூசலார் கதையோடு சேர்த்துப் பார்க்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.

கனவு கண்ட ராஜா நின்றவூருக்கு வருகிறான். பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று கேட்கிறான். இந்த ஊரில் அவர் கோயில் எதுவும் கட்டவில்லை என்கிறார்கள். சரி, அவர் யார் என்று கேட்கிறான். இந்த ஊர் வேதியர்தான் என்கிறார்கள். ராஜா ஆள் அனுப்பிக் கூப்பிடுவதுதான் வழக்கம். இவன் பூசலாரை அழைத்து வர விடவில்லை. தானே நடந்து அவரிடம் போகிறான். விஷயம் கேட்டதும் பூசலார் திகைத்துப் போகிறார். என்னையும் ஒரு பொருட்டாக நினைத்தாரே என்கிறார். பணம் கிடைக்காததால் மனசில் கட்டினேன் என்று ஒளிக்காமல் சொல்கிறார். ராஜா தரையில் விழுந்து வணங்கிவிட்டு ஊர் திரும்புகிறான்.

இந்தக் கதையில் பூசலார் மாறவே இல்லை. முன்னாடி எப்படியோ அப்படியேதான் கடைசி வரை அந்தக் கோயிலில் பூஜை செய்கிறார். மாறினவன் ராஜா. தான் கட்டினதுதான் பெரிசுன்னு இருந்தவன், தேதியைத் தள்ளி வச்சுட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலையை மதிக்கக் கத்துக்கிறான். சோழர் காலத்தில், தஞ்சைப் பெரிய கோயில் எழுந்து நூறு வருஷத்துக்கும் மேலான பிறகு, ஒரு அமைச்சர் இதை எழுதியிருக்கிறார். அரண்மனைக்குள்ள இருந்துக்கிட்டே, அரண்மனை அளவுகோல் பத்தாதுன்னு எழுதினதா நான் படிக்கிறேன்.

முழுசா வாழுறதுன்னா என்னன்னு நம்ம வயசுல நிறைய பேசுறோம். பெரும்பாலும் முடிச்சுக் காட்டின வேலைதான் கணக்குல வருது. இந்தக் கதை எனக்கு வேற ஒரு கேள்வியைக் கொடுத்தது: யாரும் பார்க்காத இடத்துல நீ முழம் போட்டு அளந்தியா? எனக்கும் "மனசுல இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டே திரியிற விஷயங்கள் நிறைய. அதுல எதுக்கும் நான் ஒரு கிணறு கூட வெட்டலை. காலண்டர் தாளைப் பார்த்துச் சிரிச்ச ஆள் நான்.

இந்த எபிசோடுக்குப் படிச்சுக்கிட்டிருந்தப்போ ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அந்தப் பிளானெல்லாம் இருக்காப்பா?"ன்னு கேட்டேன். பரண்ல ஒரு பிளாஸ்டிக் கவர்ல மடிச்சு வச்சிருந்தார். தரையில விரிச்சோம். ஒரு தாள்ல மாடிப்படிக்குப் பக்கத்துல சின்னதா ஒரு கட்டம், பத்துக்கு எட்டு அடி. உள்ள என் பேர் எழுதியிருந்தது, பக்கத்துல "மேஜை"ன்னு. ஜன்னல் கிழக்குப் பக்கம். ஏன் கிழக்குன்னு கேட்டேன். "காலையில படிக்கிறவன்தானே நீ, வெளிச்சம் வேணும்ல"ன்னார்.

ஸாரி சொல்லணும்னு நினைச்சேன். வாயில வரலை. ஜன்னலோட அகலம் எவ்வளவுன்னு கேட்டேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு, ஸ்கேல் எங்கன்னு தேட ஆரம்பிச்சார்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.