அசையாத மையம்

சால்ட் லேக் வீட்டில் பேரன் கிராஃப் தாளில் நீள்வட்டமும் பரவளையமும் போட்டுப் பழகுகிறான். சமன்பாட்டைப் பார்த்தே இன்ன வளைவு என்று சொல்லிவிடுகிறான். "ஐந்து புள்ளி போதுமாமே, ஏன் தாத்தா?" என்றான். பி.எஸ்ஸி.யில் நான் உருப்போட்டதோடு சரி, யோசித்துத்தான் சொன்னேன். சமன்பாட்டில் கெழுக்கள் ஆறு, விகிதங்கள் ஐந்தே. அதனால் எந்த மூன்றும் ஒரே கோட்டில் அமையாத ஐந்து புள்ளிகள் வளைவை நிர்ணயித்துவிடும்.

இவ்வளைவுகள் அனைத்துக்கும் பொதுவாக பிரெஞ்சுக்காரர் மோன்ஜ் ஒரு வகைக்கெழுச் சமன்பாடு தந்தார். அதன் வடிவகணிதப் பொருளை 1880களில் விளக்கியவர் கல்கத்தா இளைஞர் அசுதோஷ் முகர்ஜி (பிறப்பு 1864). எந்த வளைவிலும் நெருங்கிய ஐந்து புள்ளிகள் வழியே ஒரு கூம்பு வளைவு பொருந்தும். நாம் நகர நகர அதன் மையமும் நகரும். வளைவே நீள்வட்டமானால் மையம் அசையாது. (பரவளையத்துக்கு மையம் முடிவிலியில்.) விஷயம் இவ்வளவுதான், ஆனால் தோன்ற வேண்டுமே!

1904இல் ஹைகோர்ட் ஜட்ஜான பிறகும் அவர் கணிதத்தை விடவில்லை. 1908இல் கல்கத்தா கணிதக் கழகத்தை நிறுவினார். நிதித்துறை உத்தியோகத்திலிருந்த நம் சி.வி. ராமனை 1917இல் பேராசிரியராக்கியவரும் அவரே. சம்பளம் குறைந்தும் ராமன் போனார், என்னால் முடிந்திருக்காது.

அக்கழகத்தின் கட்டிடம் இங்கேயே, ஏ.ஈ. பிளாக்கில். காய்கறிப் பையோடு எத்தனையோ முறை அதைக் கடந்திருக்கிறேன். பலகையைப் படித்தது பேரன்தான்.