நரம்பு நோய்த் தொலைமருத்துவமும் நோயாளர் விருப்பமும் (தாராவி)

மூளை, தண்டுவடம், நரம்பு, தசை ஆகியவற்றைப் பற்றிய வியாதிகளை உடையவர்கள், நிபுணர் இருக்கும் இடத்தை நாடிச் செல்லாமல், தொலைபேசி, காணொளி, எழுத்துச் செய்தி ஆகிய சாதனங்களின் வழியே ஆலோசனையும் சிகிச்சையும் பெறும் முறை நரம்பு நோய்த் தொலைமருத்துவம் எனப்படும். இம்முறை ஓரிடத்தில் வேரூன்றுவதும் பட்டுப்போவதும் கருவிகளின் சிறப்பைக் காட்டிலும் நோயாளரின் விருப்பத்தையே பெரிதும் சார்ந்தவை. அவ்விருப்பம் தூரத்தினால் மட்டுமே பிறக்கிறது என்பது பொதுவான அபிப்பிராயம். பெரிய மருத்துவமனைக்கு அருகிலேயே அமைந்த மும்பைத் தாராவியின் நிலையை ஆராய்வோர்க்கு அந்த அபிப்பிராயம் போதாது என்பது விளங்கும்.

வரலாறு

1959-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா சர்வகலாசாலையில், நரம்பு நோயாளிகளைப் பரிசோதிக்கும் முறை இருவழித் தொலைக்காட்சியின் மூலம் வளாகத்தின் வேறொரு பகுதியில் இருந்த மாணவர்களுக்குக் காட்டப்பட்டது. 1964-இல் 112 மைல் தொலைவிலிருந்த நார்ஃபோக் மனநல மருத்துவமனையும் அவ்வாறே இணைக்கப்பட்டது. பக்கவாத நோயாளியைத் தொலைவிலிருந்தே நிபுணர் கண்டு முடிவு கூறும் முறையை 1999-இல் லெவீன், கோர்மன் என்னும் இரு மருத்துவர்கள் வகுத்துரைத்தனர்.

இந்தியாவில், 2000-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள், சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்த அரகொண்டா கிராமத்துத் தொலைமருத்துவ நிலையத்தை அமெரிக்க ஜனாதிபதி கிளின்டன் தொடங்கிவைத்தார். இத்துறையின் முன்னோடிகளுள் சென்னை நரம்பியல் அறுவை நிபுணர் கே. கணபதி குறிப்பிடத்தக்கவர். நரம்பியல் மருத்துவர்களும் அறுவை நிபுணர்களுமாகச் சேர்ந்து நாடு முழுவதற்கும் 3,666 பேரே உள்ளனர் என்றும், அவர்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பேர் நான்கு மாநகரங்களிலேயே தங்கியிருக்கின்றனர் என்றும், இத்தகைய நிபுணர் ஒருவரேனும் இல்லாத பிரதேசங்களில் 90 கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் வாழ்கின்றனர் என்றும் 2015-இல் அவர் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. இமாசலப் பிரதேசத்தில் 2014 முதல் மலையூர் மருத்துவமனைகளின் மருத்துவர்கள், மூளையின் சி.டி. படங்களைக் கைப்பேசி வழியே நிபுணர்க்கு அனுப்பி, பக்கவாதத்துக்கு உடனடிச் சிகிச்சை தொடங்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது.

தாராவியின் நிலை

கணபதியின் கணக்கை மட்டும் நோக்கினால், மாநகராகிய மும்பையில் உள்ள தாராவி வாசிகள் பாக்கியசாலிகளே ஆவர். ஏறக்குறைய 2.4 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் பல லட்சம் பேர் நெருங்கி வாழும் இவ்விடத்தை ஒட்டியே, சயான் ஆஸ்பத்திரி என்று ஜனங்கள் அழைக்கும் லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனை இருக்கிறது. அதன் கிளையாகிய நகர்ப்புற நல நிலையம் ‘சோட்டா சயான்’ என்ற பெயரோடு தாராவிக்குள்ளேயே இயங்குகிறது. பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையும் தொலைவானதன்று. ஆயினும் நோயாளிக்கும் நிபுணர்க்கும் இடையே உள்ள இடைவெளி மைல்களால் மட்டும் அளக்கப்படுவதன்று.

தோல் வேலை, தையல், மண்பாண்டம், பழம்பொருள் பிரித்தல், அப்பளம் இடுதல் முதலிய தொழில்களில் நாட்கூலிக்கோ உருப்படிக் கூலிக்கோ உழைப்பவர், மாத்திரைச் சீட்டைப் புதுப்பிப்பதற்காகப் புறநோயாளர் வரிசையில் நிற்கும் ஒரு பகற்பொழுது, அவருடைய அன்றைய வருமானத்தையே விழுங்கிவிடுகிறது. வலிப்பு உடையவரைத் தனியே அனுப்ப வீட்டார் அஞ்சுவதால் துணைக்குச் செல்பவரின் கூலியும் அதனோடு போகிறது. பல ஆண்டுகள் ஒருநாளும் தவறாமல் மருந்து உண்ணவேண்டிய இவ்வியாதியில் இச்செலவு மாதந்தோறும் திரும்பத் திரும்ப வருவது. அதைத் தாங்கமாட்டாமல் மருந்தை நிறுத்துவோர்க்கு வலிப்பு மீண்டும் வருகிறது. தொலைபேசியில் மருத்துவரோடு பேசிச் சீட்டைப் பெறலாம் என்னும் செய்தி இத்தகைய குடும்பத்துக்குக் கூலியையும் மருந்தையும் ஒருங்கே காப்பாற்றித் தருவதாகும்.

தமிழர் பலர் வாழும் தாராவியில், தொலைமருத்துவத்தை விரும்புவதற்கு மற்றொரு காரணம் பாஷை. நரம்பு நோய்களுள் பலவற்றை இனங்காண்பதற்கு நோயாளியும் உடனிருந்தவரும் கூறும் வரலாறே முதல் ஆதாரம். வலிப்புக்கு முன் கண் எப்பக்கம் திரும்பியது, எந்தக் கை முதலில் இழுத்தது, நினைவு எவ்வளவு நேரம் தப்பியிருந்தது என்னும் நுட்பங்களை, திருநெல்வேலிச் சீமையிலிருந்து புதிதாக வந்த மருமகளோ முதிய தாயாரோ தமிழில் எவ்வளவு தெளிவாகச் சொல்வாரோ அவ்வளவு தெளிவாக ஹிந்தியிலோ மராத்தியிலோ சொல்ல இயலாது. 2020-ஆம் ஆண்டு மார்ச் 25-இல் வெளியான தேசியத் தொலைமருத்துவ விதிமுறைகள், பதிவு பெற்ற மருத்துவர் நாட்டின் எப்பகுதியில் உள்ள நோயாளிக்கும் ஆலோசனை கூறலாம் என அனுமதித்திருப்பதால், தாராவியிலிருந்து சென்னை மருத்துவரோடு தமிழிலேயே பேச வழி பிறந்திருக்கிறது. விடுமுறையில் சொந்த ஊருக்குப் போகின்றவர் தம் மும்பை மருத்துவரோடு தொடர்பு அறுந்துபோகாமல் இருக்கவும் அதே விதி துணைசெய்கிறது.

மூன்றாவது காரணம் வெட்கம். பெண்ணுக்கு வலிப்பு உண்டென்று தெரிந்தால் கலியாணம் தடைப்படும் என்ற பயத்தினால் ஆஸ்பத்திரி வாசலிலேயே காணப்படக்கூடாது என்று கருதும் பெற்றோர் உண்டு. இவர்கள் தொலைமருத்துவத்தை விரும்புவது இயல்பே. எனினும் ஒற்றை அறையில் குடும்பம் முழுவதும் வாழும் வீட்டில், மெல்லிய சுவருக்கு அப்பால் அண்டை வீட்டார் இருக்க, வியாதியைப் பற்றி வாய்விட்டுப் பேசுவது எளிதன்று. நோயை மறைக்க உதவும் என்று எண்ணிய கருவியே அதை வெளிப்படுத்திவிடவும் கூடும்.

நோய்தோறும் வேறுபாடு

தொடர் கவனிப்பே பிரதானமாகிய வலிப்பு நோய்க்குத் தொலைபேசி மிகவும் பொருந்துகிறது. புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தொலைபேசி மூலம் கவனிக்கப்பட்ட வலிப்பு நோயாளிகள் நேரில் வந்தவர்களைவிடக் கெடுதியான நிலையை அடையவில்லை என்பதும், அவர்களுக்குப் பணமும் பொழுதும் மிச்சப்பட்டன என்பதும் தெரியவந்தன. காணொளி வசதியின்றிச் சாதாரணக் கைப்பேசியே இதற்குப் போதும் என்பது ஏழை மக்களுக்கு நற்செய்தி. வலிப்பு வரும் நேரத்தில் வீட்டார் கைப்பேசியில் எடுத்துவைக்கும் படமும் நிபுணர்க்குப் பேருதவியாகிறது.

நடுக்குவாதமாகிய பார்க்கின்சன் நோயில், நடை, நடுக்கம், முகபாவம், குரல் ஆகியவற்றைக் காணொளியிலேயே மதிப்பிடலாம். அமெரிக்காவில் 195 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2017-இல் வெளியிட்ட பரிசோதனையில், வீட்டிலிருந்தே நிபுணரைக் கண்டவர்களின் வாழ்க்கைத் தரம் மற்றவர்களினின்றும் வேறுபடவில்லை. ஆயினும் ஒவ்வொரு சந்திப்பிலும் இடைநிலை அளவாக 88 நிமிஷமும் 38 மைல் பிரயாணமும் அவர்களுக்கு மிஞ்சின. மும்பையிலேயே டாக்டர் பி. எஸ். சிங்கால் 2001-இல் நிறுவிய பார்க்கின்சன் நோயாளர் சங்கம், 2020-இன் ஊரடங்குக்குப் பின் தன் ஆதரவுக் கூட்டங்களை இணையவழியிலும் நடத்தலாயிற்று.

பக்கவாதம் இவற்றினின்றும் முற்றிலும் வேறானது. 2005, 2006-ஆம் ஆண்டுகளில் மும்பையில் டாக்டர் பி. எம். தலால் குழுவினர் எடுத்த கணக்கின்படி ஆண்டுதோறும் லட்சத்தில் ஏறத்தாழ 145 பேருக்கு இந்நோய் நேர்ந்தது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தவேண்டியிருப்பதால், வாய் கோணியவரையும் கை கால் விழுந்தவரையும் வீட்டில் வைத்துக்கொண்டு தொலைபேசியில் யோசனை கேட்பது உயிருக்கும் உடலுக்கும் ஆபத்தாகும். சயான் ஆஸ்பத்திரிக்கு உடனே எடுத்துச் செல்வதே தக்கது. இந்நோயில் தொலைமருத்துவம், மருத்துவரை மருத்துவரோடு இணைப்பதற்கும், பிற்காலத்தில் உடற்பயிற்சியைக் கண்காணிப்பதற்குமே உரியது.

எல்லைகளும் நெறியும்

தசையின் விறைப்பு, அனிச்சைச் செயல், தொடு உணர்ச்சி, கண்ணின் உட்புறம் ஆகியவற்றைக் கை தொட்டோ கருவி வைத்தோதான் அறியமுடியும். ஆகவே முதற் பரிசோதனை நேரிலும், பிந்தைய கவனிப்பு தொலைவிலும் நடைபெறுவதே உத்தமமான முறை. வீட்டில் உள்ள ஒரே கைப்பேசி வேலைக்குப் போகும் ஆடவரிடம் இருக்குமாயின், பகலில் பெண்களுக்கும் முதியோர்க்கும் இவ்வசதி எட்டாமற் போகிறது என்பதும் கருதத்தக்கது. இக்குறைகளை நீக்க, சோட்டா சயான் போன்ற அண்மை நிலையங்களில் தனியறை ஒன்றும், உடனிருந்து உதவும் செவிலியர் ஒருவரும், தமிழ் அறிந்த துணைவரும் அமைவது நலம்.

நேரில் வர விரும்பும் நோயாளியிடம் தொலைமருத்துவத்தை வற்புறுத்தலாகாது என்று 2020-ஆம் ஆண்டு விதிமுறைகள் வெளிப்படையாகக் கூறுகின்றன. இவ்விதி தாராவிக்கு விசேஷமாகப் பொருந்தும். ஏழையின் கூலியைக் காப்பதற்காகத் தோன்றிய வசதி, நெரிசலைக் குறைப்பதற்காக ஏழையை ஆஸ்பத்திரி வாசலிலிருந்து விலக்கும் உபாயமாக மாறுமானால், அதில் நோயாளர்க்கு உள்ள விருப்பம் நாளடைவில் அவநம்பிக்கையாகிவிடும். தொலைபேசியை எடுப்பதா, வரிசையில் நிற்பதா என்னும் தீர்மானம் நோயாளியிடமே இருக்கும்வரையில்தான் இம்முறை அவருக்கு உரியதாகும்.