மருத்துவப் பணிச்சோர்வும் நோயாளி மையப் பராமரிப்பும்

மருத்துவர், செவிலியர், வார்டு ஊழியர் ஆகியோரிடம் நீண்ட நாள் வேலை நெருக்கடியால் உண்டாகும் நிலை மருத்துவப் பணிச்சோர்வு. ஆங்கிலத்தில் இதைக் குறிக்கும் ‘பர்ன் அவுட்’ என்ற சொல்லுக்கு எரிந்து தீர்ந்துபோதல் என்று பொருள். விடிய விடிய டியூட்டி பார்த்தவர் மறுநாள் உறங்கி எழுந்தால் தெளிந்துவிடுகிற களைப்பு அன்று இது. மனம் வற்றிப்போவது, நோயாளியிடம் மரத்துப்போவது, தன் வேலையால் யாருக்கும் பயனில்லை என்று தோன்றுவது ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள். நோயாளி மையப் பராமரிப்பு என்பது நோயை மட்டும் பார்க்காமல் நோயுற்றவரின் அச்சம், விருப்பம், குடும்பச் சூழல் ஆகியவற்றையும் கேட்டறிந்து, அவரையும் சேர்த்துக்கொண்டு முடிவெடுக்கும் மருத்துவ முறை.

இந்த இரண்டும் தனித்தனிப் பாடங்களாகவே எழுதப்பட்டு வருகின்றன. அது பிழை. மேலே சொன்ன இரண்டாவது அடையாளத்தைப் பாருங்கள். எதிரே படுத்திருப்பவர் ஓர் ஆள் என்பதே மறந்துபோகும் மரத்துப்போன மனம், நோயாளி மையப் பராமரிப்புக்கு நேர் எதிரானது. ஒரு வார்டில் பணிச்சோர்வு குடியேறினால் அந்தப் பராமரிப்பு வெளியேறிவிடும்.

தொடக்கம்

நவீன மருத்துவக் கல்விக்குள் இந்தக் கவலையை முதலில் அழுத்தமாகக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் அமெரிக்க மருத்துவர் பிரான்சிஸ் பீபாடி. ஹார்வர்ட் மாணவர்களுக்கு அவர் ஆற்றிய உரை 1927ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அச்சானது. ஆய்வுக்கூடமும் எக்ஸ்ரேயும் பெருகிவந்த காலம் அது. நோயாளிமீது உண்மையான அக்கறை இல்லாமல் அவரைக் கவனித்துக்கொள்ள முடியாது என்பதே அவர் மாணவர்களிடம் வலியுறுத்திய கருத்து. அதே ஆண்டில் அவர் புற்றுநோயால் இறந்தார்.

டாவிஸ்டாக்

இந்த வரலாற்றின் நடுக்களம் லண்டன். அங்கே டாவிஸ்டாக் என்ற பெயரில் ஒரு மனநல மருத்துவமனையும், அதனோடு உறவுடைய ஓர் ஆய்வு நிறுவனமும் இயங்கின. 1950களில் முந்தையதில் நோயாளியைப் பற்றியும், பிந்தையதில் செவிலியரைப் பற்றியும் இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன.

முதலாவதை நடத்தியவர் ஹங்கேரியிலிருந்து குடிபெயர்ந்த உளப்பகுப்பாய்வாளர் மைக்கேல் பாலிண்ட். அவருடைய தந்தையார் புடாபெஸ்டில் குடும்ப மருத்துவராக இருந்தவர். பாலிண்டும் அவர் மனைவி எனிட் பாலிண்டும் பொதுநல மருத்துவர்கள் சிலரைக் குழுவாகக் கூட்டி உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவரும் தன்னை அலைக்கழிக்கும் ஒரு நோயாளியைப் பற்றி, கேஸ் ஷீட்டைப் புரட்டாமல், நினைவிலிருந்தே பேச வேண்டும். அந்த நோயாளி உள்ளே வரும்போது எரிச்சல் வருகிறதா, பயமா, இரக்கமா என்பதும் பேச்சில் வரும். 1957ல் வெளிவந்த பாலிண்டின் நூலில் உள்ள மையக் கருத்து எளிமையானது: மருத்துவர்கள் மிக அதிகமாகக் கொடுக்கும் மருந்து தங்களையேதான், ஆனால் அந்த மருந்தின் அளவும் பக்கவிளைவும் எந்தப் பாடநூலிலும் இல்லை. 1969ல் எனிட் பாலிண்ட் எழுதிய கட்டுரையில் ‘நோயாளி மைய மருத்துவம்’ என்ற பெயரே வந்துவிட்டது.

இரண்டாவது ஆய்வு இன்னும் கூர்மையானது. அதற்குரிய கவனம் இன்றுவரை கிடைக்கவில்லை என்பதால் இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். லண்டனின் பெரிய பயிற்சி மருத்துவமனை ஒன்று, மாணவச் செவிலியரை வார்டுகளுக்குப் பிரித்து அனுப்புவதில் சிக்கல் என்று டாவிஸ்டாக்கை அணுகியது. ஆராயப் போனவர் இசபெல் மென்சீஸ். டியூட்டி அட்டவணைக்கு அடியில் கிடந்த பதற்றத்தைத்தான் அவர் கண்டார். இருபது வயதுகூட நிரம்பாத பெண்கள் சாவையும் சீழையும் அழுகையையும் அன்றாடம் கையாண்டுகொண்டிருந்தார்கள். அதைத் தாங்குவதற்காக மருத்துவமனை, யாரும் திட்டமிடாமலே, ஓர் ஏற்பாட்டைச் செய்துவைத்திருந்தது. ஒரு செவிலியர் சில நோயாளிகளை முழுமையாகக் கவனிப்பதில்லை. ஒருவர் எல்லோருக்கும் காய்ச்சல் பார்ப்பார், இன்னொருவர் எல்லோருக்கும் படுக்கை விரிப்பு மாற்றுவார். யாரும் யாரிடமும் நெருங்கவேண்டி வராது. நோயாளிக்குப் பெயர் கிடையாது. கட்டில் எண்ணும் நோயுற்ற உறுப்புமே பெயர். நம் ஊர் மருத்துவமனைகளில் ‘பெட் நம்பர் 10’ என்றும் ‘ஸ்ட்ரோக் கேஸ்’ என்றும் சொல்வதைக் கேட்டவர்களுக்கு இது அந்நியமாக இராது.

1959-60ல் வெளிவந்த மென்சீஸின் கட்டுரை, இந்த ஏற்பாடு பதற்றத்தைத் தணிக்கவில்லை என்று காட்டியது. நோயாளி தேறி வீட்டுக்குப் போவதைப் பார்க்கும் நிறைவு மட்டும் செவிலியரிடமிருந்து பறிபோனது. பயிற்சியை நடுவில் விட்டுப் போனவர்கள் பலர். அவர்களுள் திறமையும் அக்கறையும் மிக்கவர்களும் இருந்தார்கள். ‘பர்ன் அவுட்’ என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு ஏறத்தாழ 15 ஆண்டுகள் முன்பே அதன் உட்கூறு எழுதப்பட்டுவிட்டது. பாலிண்ட் மருத்துவரிடம் கேட்ட அக்கறையைச் செவிலியரிடமிருந்து நிறுவனமே வெட்டியெடுத்துவிடும் விதத்தை மென்சீஸ் காட்டினார். இரண்டையும் ஒன்றாக வைத்துப் படித்திருந்தால் அடுத்த அரை நூற்றாண்டு வேறு மாதிரி இருந்திருக்கும்.

சொல் பிறந்த கதை

1960களின் தொடக்கத்தில் வந்த கிரஹாம் கிரீனின் நாவல் ஒன்றின் தலைப்பிலேயே இந்தச் சொல் இருந்தது. கதைக்களம் காங்கோவின் தொழுநோய் இல்லம். விரல்களைத் தின்று தீர்த்தபின் நோய் தானே அடங்கிவிட்ட தொழுநோயாளியையே அங்கே அப்படிச் சொன்னார்கள்.

சொல்லை மருத்துவ ஊழியருக்குப் பொருத்தியவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர். 1926ல் ஃபிராங்பர்ட்டில் பிறந்த யூதர். சிறுவயதில் நாஜிகளிடமிருந்து தப்பி நியூயார்க் சேர்ந்து உளவியலாளரானார். பகலில் சொந்த கிளினிக். மாலை முதல் இரவு வெகுநேரம் வரை ஏழைகளுக்கும் போதைக்கு அடிமையான இளைஞருக்கும் இலவச மருத்துவம் தந்த ஒரு கிளினிக்கில் தொண்டு. அங்கிருந்த தொண்டர்கள் ஓராண்டுக்குள் வாடிப்போனதைக் கண்டார்: விடாத சளி, தலைவலி, தூக்கமின்மை, சட்டென்று கோபம், எதிலும் அவநம்பிக்கை. தானும் அப்படி ஆனபோது தன் பேச்சை ஒலிநாடாவில் பதிந்து, அதைத் திரும்பக் கேட்டுத் தன்னையே ஆராய்ந்தார். போதையால் உருக்குலைந்தவர்களைக் குறித்த தெருவழக்கிலிருந்து சொல்லை எடுத்து 1974ல் கட்டுரையாக எழுதினார். சோம்பேறிகளையல்ல, மனம் ஒன்றி உழைப்பவர்களையே இது தாக்குகிறது என்பது அவர் கண்ட முக்கிய உண்மை.

அதை அளக்கும் கோலைச் செய்தவர்கள் கலிபோர்னியாவின் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும். 22 வினாக்கள் கொண்ட அவர்களின் வினாத்தாள் 1981ல் வந்தது. மேலே சொன்ன மூன்று அடையாளங்களும் அதிலிருந்தே வந்தவை. மாஸ்லாக் பின்னர் மைக்கேல் லைட்டருடன் சேர்ந்து 1997ல் எழுதிய நூலில், கோளாறு ஆளிடம் இல்லை, ஆளுக்கும் வேலைக்கும் இடையே உள்ள பொருத்தமின்மையில் இருக்கிறது என்று வாதிட்டார். வினாத்தாளை எடுத்துக்கொண்ட நிர்வாகங்கள் இந்த வாதத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

நோயாளியின் பக்கம்

இதே காலத்தில் நோயாளிகளும் பேசத் தொடங்கினார்கள். அர்ஜென்டினாவில் பிறந்த ஆஞ்சலிக்கா தியரியட், சான் பிரான்சிஸ்கோ மருத்துவமனையில் கிடந்த அனுபவத்தின் கசப்பால் 1978ல் பிளேன்ட்ரீ என்ற அமைப்பைத் தொடங்கினார். கோஸ் தீவில் ஹிப்போகிரட்டஸ் எந்த மரத்தடியில் பாடம் சொன்னதாக நம்பப்படுகிறதோ அந்த மரத்தின் பெயர் அது. 1985ல் திறந்த அதன் முதல் வார்டில் 13 படுக்கைகள். நோயாளி தன் கேஸ் ஷீட்டைத் தானே படிக்கலாம் என்பது அன்றைக்குப் புரட்சி. 1993ல், நோயாளிகளின் அனுபவத்தை ஆராய்ந்த பிக்கர் திட்டத்தின் ஆய்வாளர்கள் நோயாளியின் கண்வழிப் பராமரிப்பை நூலாக்கினர். 2001ல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அறிக்கை, தரமான சிகிச்சைக்குரிய 6 இலக்குகளில் ஒன்றாக ‘நோயாளி மையம்’ என்பதைச் சேர்த்தது.

பிறகு வந்தது மதிப்பெண். நோயாளிகளிடம் கேட்டுப் பெறும் மதிப்பீடு 2008 முதல் அமெரிக்காவில் பொதுவில் வெளியானது. 2012 அக்டோபர் முதல் அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர் செலுத்தும் பணத்தின் ஒரு பகுதி அதனோடு பிணைக்கப்பட்டது. நோயாளியின் குரல் கணக்கில் வந்தது நல்லதே. ஆனால் செவிலியர் எண்ணிக்கையைக் கூட்டாமல் கனிவை மட்டும் கூட்டிக் கேட்டபோது, அந்தக் கனிவும் இன்னொரு வேலைச் சுமையாயிற்று.

எண்கள் காட்டியது

1984ல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் 18 வயது மாணவி இறந்தார். அன்றிரவு அவரைப் பார்த்தவர்கள் நீண்ட நேரம் ஓய்வின்றி, பல நோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்த பயிற்சி மருத்துவர்கள். அதன் விளைவாக 1989ல் அந்த மாநிலம் பயிற்சி மருத்துவருக்கு வாரம் 80 மணி என வரம்பு வைத்தது. 2003ல் அது அமெரிக்கா முழுவதற்கும் வந்தது.

2002ல் லிண்டா ஐக்கன் குழு பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்தது. ஒரு செவிலியரிடம் ஒரு நோயாளி கூடுதலாகும்போது, அறுவை சிகிச்சை பெற்றவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடியது. செவிலியர் பணிச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு 23 விழுக்காடு கூடியது. நோயாளியின் உயிரும் செவிலியரின் மனமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. 2004 முதல் கலிபோர்னியாவில் ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிகளே என்ற சட்ட வரம்பு நடைமுறையில் உள்ளது.

கணினியும் பங்கு கேட்டது. நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணினிப் பதிவிலும் மேசை வேலையிலும் மருத்துவர் ஏறத்தாழ 2 மணி நேரம் செலவிடுகிறார் என்று 2016ல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. 47 ஆய்வுகளைத் தொகுத்து 2018ல் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையில், பணிச்சோர்வுள்ள மருத்துவர்களிடம் நோயாளியின் பாதுகாப்புக்குக் கேடான நிகழ்வுகள் நேரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. தனிமனிதருக்குத் தரும் பயிற்சிகளைவிட நிறுவனத்தில் செய்யும் மாற்றங்களே கூடுதல் பலன் தருகின்றன என்று அவர்கள் அதற்கு முந்தைய ஆண்டே காட்டியிருந்தனர். தியான வகுப்பு நல்லதுதான். அது டியூட்டி அட்டவணைக்கு மாற்றாகாது.

அண்மைக் காலம்

பாஸ்டன் வழக்கறிஞர் கென்னத் ஷ்வார்ட்ஸ் 1995ல், 40 வயதில், நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். சிகிச்சையின்போது செவிலியரும் மருத்துவரும் காட்டிய சின்னச் சின்னப் பரிவே தன்னைத் தாங்கியது என்று எழுதியவர் அவர். அவர் விருப்பப்படி தொடங்கிய மையம், 1997 முதல் மருத்துவமனைகளில் எல்லா நிலை ஊழியரும் ஒன்றாக அமர்ந்து ஒரு நோயாளி தங்களை எப்படி உலுக்கினார் என்று பேசும் கூட்டங்களை நடத்துகிறது. பாலிண்ட் குழுவின் உறவுக்கிளைதான் இது. 2009ல் பிரிட்டனுக்கும் போய்ச் சேர்ந்தது.

2019ல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் பணிச்சோர்வை நோயாக அல்ல, வேலை சார்ந்த நிகழ்வாக வரையறுத்தது. நோய் என்றால் மருந்து ஊழியருக்கு. வேலை சார்ந்தது என்றால் மருந்து வேலையிடத்துக்கு. அடுத்த ஆண்டே கோவிட் வந்தது. 2020 ஏப்ரலில் நியூயார்க்கின் அவசரப் பிரிவு மருத்துவர் லோர்னா பிரீன் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். மருத்துவ ஊழியரின் மனநலம் காக்க 2022ல் அமெரிக்கா இயற்றிய சட்டம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

இந்தியாவில் பயிற்சி மருத்துவர்கள் வாரம் 48 மணி நேரத்துக்கு மேலும், ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேலும் சாதாரணமாக வேலை செய்யக் கூடாது என்று மத்திய அரசு 1992லேயே நெறிமுறை வகுத்தது. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024ல் தந்த அறிக்கை, வாரம் 74 மணி என்ற வரம்பையும் ஒரு நாள் விடுப்பையும் பரிந்துரைத்தது. 36 மணி நேரத் தொடர் டியூட்டி பி.ஜி. மாணவர்களின் அன்றாடப் பேச்சாகிவிட்ட நிலையில் 74 என்பதும் முன்னேற்றமே. ஆனாலும் 1992ல் எழுதிவைத்த 48 இன்னும் காகிதத்திலேயே இருக்கிறது. இந்நாட்டில் நோயாளி மையப் பராமரிப்பு அந்த எண்ணை நடைமுறைக்குக் கொண்டுவருவதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.