பிரபு என்பவன் யார்?

தியானப் பகுதி: லூக்கா 19:11-27, அப்போஸ்தலர் 17:10-12



நம் ஆண்டவர் சொன்ன உவமையில் பிரபுவாகிய ஒருவன் தூரதேசத்துக்குப் புறப்படுகிறான். பிரபு என்றவுடன் நம் பகுதி மக்களின் மனக்கண்முன் நிற்பவர் ஜமீன்தாரே. அந்தப் பட்டம் எவ்வாறு வந்தது, எவ்வாறு போயிற்று என்பதைச் சற்றே சிந்திப்போம்.

16ஆம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தனர். மேலே நாயக்க மன்னர். அவருக்குக் கீழே பாளையக்காரர். பாளையக்காரருக்குக் கீழே ஊர்க் காவல்காரர். பாளையக்காரர் கப்பம் கட்டவும், போர்க்காலத்தில் படை அனுப்பவும், தம் எல்லைக்குள் காவல் புரியவும் கடமைப்பட்டிருந்தார். பட்டம் என்பது முதலில் ஒரு பொறுப்பாகவே இருந்தது.

சாத்தூர்ப் பக்கத்து ஏழாயிரம்பண்ணைப் பாளையத்தைக் கும்பினியார் 1799ஆம் ஆண்டுப் போருக்குப்பின் பறித்துக்கொண்டனர். சேத்தூர் போன்றவை ஜமீன்களாக நிலைத்தன. படையும் காவலும் போயின. வரி வசூலும் பட்டமும் மிஞ்சின. பிற்காலத்தில் ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் எனப் படிப்படியான பட்டங்களையும் ஆங்கில அரசு வழங்கியது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஜமீன்களை ஒழித்தது. படை, கல்வி சார்ந்தவை தவிர வேறு பட்டங்களை அரசு வழங்கலாகாது என்று 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 18ஆம் பிரிவு விதித்தது.

பட்டங்கள் ஒழிந்தன. பிறப்பால் வரும் பெருமையோ நம் உள்ளங்களில் ஒழியவில்லை.

இங்கே வேதம் நமக்கு ஓர் அரிய உண்மையைக் கற்பிக்கிறது. உவமையில் 'பிரபு' என்று மொழிபெயர்க்கப்பட்ட கிரேக்கச் சொல் 'யூகெனேஸ்'. நற்குடியில் பிறந்தவன் என்பது அதன் பொருள். பெரோயா பட்டணத்தாரைக் குறித்து லூக்கா எழுதும்போதும் அதே சொல்லையே கையாளுகிறார். அங்கே நம் தமிழ் வேதாகமம் 'நற்குணசாலிகள்' என்கிறது. அவர்கள் எக்குலத்தார் என்று லூக்கா சொல்லவில்லை. வசனத்தை மனோவாஞ்சையாய் ஏற்று, அதைத் தினந்தோறும் ஆராய்ந்தார்கள் என்றே சொல்லுகிறார். பிறப்பைக் குறித்த சொல் குணத்தைக் குறிக்கும் சொல்லாயிற்று!

இத்தகைய ஒருவர் நம் மண்ணிலும் வாழ்ந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் உயர்ந்த நிலையிலிருந்த ராக்லண்ட் ஐயர், அதை விட்டு வந்து, வட திருநெல்வேலிக் கிராமங்களில் கூடாரமடித்துத் தங்கி ஊழியம் செய்தார். 1858ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சிவகாசியில் மரித்தார்.

இதை எழுதும் எனக்கும் ஒரு குற்ற உணர்வு உண்டு. ஓர் அசனப் பண்டிகையன்று பட்டாசு ஆலை உரிமையாளர் ஒருவருக்கு முன்வரிசையில் நாற்காலி போடச் சொன்னவன் நானே. மருந்து செலுத்தும் அறையில் வேலை செய்யும் சகோதரி ஒருவர் கைக்குழந்தையோடு வாசலருகே நின்றிருந்ததை ஆராதனை முடிந்த பின்னரே கண்டேன். யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அன்று அது எனக்கே பிரசங்கமாயிற்று.

அன்பானவர்களே, திருமணப் பேச்சின்போது நீங்கள் முதலில் கேட்பது குலத்தையா, குணத்தையா? வருகிற ஞாயிறன்று உங்கள் இருக்கையை யாருக்கு விட்டுக்கொடுப்பீர்கள்? உவமையின் பிரபு திரும்பி வந்தபோது ஊழியக்காரரின் வம்சத்தை விசாரிக்கவில்லை. ஒப்புவித்ததற்குக் கணக்கு மட்டுமே கேட்டான்.

அந்தக் கணக்குக்கு நம்மை ஆயத்தப்படுத்தக் கர்த்தர் கிருபை செய்வாராக. ஆமென்.